காலப்பயணக் கதைகளும் கல்வெட்டுச் சோழரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் காலப்பயணப் புனைகதைகள் குறித்து வெளியான கட்டுரையைப் படித்தேன். இன்றைய சென்னை இளைஞன் ஒருவன் சோழர் காலத்துக்குப் போய்வரும் கதைகள் புதிய வாசகர்களை வரலாற்றின் பக்கம் திருப்புகின்றன என்ற கருத்து எனக்கும் உடன்பாடே. ஆனால், நான் படித்த இத்தகைய கதைகள் பலவற்றில் அந்த இளைஞன் சென்று சேரும் இடம், பத்தாம் நூற்றாண்டைப் பற்றிப் பிற்காலத்தார் கட்டிய கதையாகவே இருக்கிறது என்பது என் வருத்தம்.

முதலாம் இராசராசனின் அண்ணன் ஆதித்த கரிகாலனின் கொலையையே எடுத்துக்கொள்வோம். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில் முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மற்றபடி அதன் அக்கறையெல்லாம் அவர்களுடைய நிலங்களைப் பற்றியதுதான். எதற்காகக் கொன்றார்கள் என்பதற்கு அதில் ஒரு சொல்லும் கிடையாது. சென்னைக்கு அருகே 1905ஆம் ஆண்டில் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகளோ, வானுலகைக் காணும் விருப்பத்தால் ஆதித்தன் மறைந்தான் என்று பாடுகின்றன. தந்தை இராசராசன் காலத்துக் கல் கொலை என்று சொன்னதை, மகன் இராசேந்திரன் காலத்துச் செம்பு விண்ணுலக ஆசையாக்கிவிட்டது. இராசராசனுக்கு முன் ஆண்ட உத்தம சோழனுக்கு இதில் பங்கு உண்டா என்பதில் நீலகண்ட சாஸ்திரியும் சதாசிவ பண்டாரத்தாரும் கருத்து வேறுபட்டார்கள். அறிஞர்கள் இவ்வளவு தயங்கிய இடத்தில், காதலும் பழிவாங்கலும் கலந்த கற்பனையைப் புதின ஆசிரியர்கள் இட்டு நிரப்பினார்கள். அது அவர்களுடைய உரிமை. காலப்பயணக் கதை எழுத வருபவர் அந்தக் கற்பனையையே நடந்த நிகழ்ச்சியாகக் கொண்டு தம் நாயகனை அங்கே அனுப்புவதுதான் பொருந்தவில்லை.

பழங்கதை காலத்தைக் கலைத்துப் போடுவது நம்மிடையே புதிதன்று. அதியமானைப் பாடிய ஔவையும் ஆத்திசூடி பாடிய ஔவையும் பல நூற்றாண்டு இடைவெளியில் வாழ்ந்தவர்கள் என்றே ஆய்வாளர் கொள்கின்றனர். மக்கள் வழக்கோ இருவரையும் ஒரே மூதாட்டியாக்கி, நெல்லிக்கனி தந்த நீண்ட ஆயுள் என்று அதற்குக் காரணமும் கண்டுகொண்டது. மெரினாவில் 1968ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சிலையிலும் நாம் காண்பது அந்த மூதாட்டியைத்தான். புறநானூற்று 89ஆம் பாடலிலோ, அதியமானின் பகையரசன் ஔவையை 'மடவரல் உண்கண் வாள்நுதல் விறலி' என்று விளிக்கிறான். விறலி என்பவள் ஆடிப் பாடும் கலைமகள். மை தீட்டிய கண்களும் ஒளிரும் நெற்றியும் உடைய அந்த விறலியை அதியமானின் தகடூருக்குச் சென்று நேரில் கண்டு திகைக்கும் ஒரு நாயகனை நம் எழுத்தாளர்கள் ஏன் படைக்கக் கூடாது? பழங்கதையை நெஞ்சில் சுமந்து சென்றவன், நடந்ததைக் கண்ணால் காணும் அந்த நொடியை வேறெந்தப் புனைகதை வகையாலும் இவ்வளவு நேராகக் காட்ட இயலாது.

சிறு செய்திகளிலும் கவனம் வேண்டும். சோழர் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை, எகர ஏகாரக் குறில் நெடில் வேறுபாடும் வரிவடிவில் தெரிவதில்லை. பயிற்சி இல்லாத இன்றைய பட்டதாரி அதில் ஒரு வரியைப் படிப்பதற்குள் திணறிப்போவார். கதைகளிலோ நாயகன் அரச ஓலையைச் செய்தித்தாள்போல் வாசிக்கிறான். போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின்னரே இங்கு வந்த மிளகாயும் தக்காளியும் இராசராசனின் அடுக்களையில் கொதிக்கின்றன.

இவ்வகை நூல்களின் இறுதியில், எது கல்வெட்டிலும் செப்பேட்டிலும் உள்ளது, எது தம் கற்பனை என்று ஆசிரியர்கள் ஒரு பக்கம் எழுதிச் சேர்க்க வேண்டும். தங்கள் நூல் மதிப்புரைப் பகுதியில் எழுதுவோரும் அப்பக்கம் இருக்கிறதா, அது சரியாக இருக்கிறதா என்று பார்த்து ஓரிரு வரிகள் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மயிலாப்பூர், சென்னை.