அந்த ராடைத் தொடாதே

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.
18.9.2025

அன்புள்ள மாப்ளே,

முதல் காரியம்: நான் உனக்குக் கட்டிக்கொடுத்த தூண்டில் ராடை எடுத்துக்கொண்டு எங்கேயும் போகாதே. மூலையில் சாத்தி வை. ஏழு மாசமாக ஒரு வரி எழுதாதவன் திடீரென்று கடிதம் போடுகிறான் என்றால் ஏதோ தப்பு பண்ணிவிட்டுத்தான் வருகிறான் என்று உனக்குத் தெரியாதா? போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துக் காரியத்தைக் கெடுப்பாய். அதனால்தான் கடிதம்.

வீட்டில் எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே. நம்ம ‘ரேடியோ’ பயல் புது பைக் வாங்கிவிட்டான், என் பழைய கடன் மட்டும் அவன் ஞாபகத்தில் இல்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிறு விடியற்காலை அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில் நின்றிருந்தேன். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நல்ல கொடுவா ஒன்று மாட்டியது. நாலு கிலோ இருக்கும் என்கிறேன், நீ மூன்று என்று வைத்துக்கொள். கல்லுப்பக்கம் ஓடியது, ராடு வில்லாக வளைந்தது. ‘டப்’ என்று ஒரு சத்தம். நுனியிலிருந்து மூன்றாவது கைடு, அதாவது நரம்பு ஓடும் வளையம், நூல் கட்டிலிருந்து உருவிக்கொண்டு, நரம்பிலேயே வழுக்கிப் போய் அடுத்த கைடில் முட்டி நின்றது. நரம்பு அறுந்தது. மீனும் போச்சு, என் பெருமையும் போச்சு.

உன் ராடும் இதுவும் ஒரே வாரத்தில் கட்டியவை. ஃபெஞ்சல் புயல் வந்த வாரம், ஞாபகம் இருக்கிறதா? 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர் கொட்டியதே. கரண்ட் இல்லை, வெளியே போக வழியில்லை, வீட்டுக்குள் உட்கார்ந்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் கட்டினேன். அப்போது பெரிய சாதனையாக நினைத்தேன். உன்னிடம்கூட எப்படிப் பீற்றிக்கொண்டேன்!

ஏன் உருவியது என்று எனக்குப் பிடிபடவில்லை. நூல் அறவில்லை, பசையும் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. திங்கள்கிழமை ராடைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறித் தேவனாம்பட்டினம் போனேன், தாத்தாவிடம் காட்ட. அவருக்கு இப்போது கண் சுத்தமாகத் தெரியவில்லையடா. ஆனால் வாசலில் உட்கார்ந்து இன்னும் வலை முடைகிறார். விரலே கண். உன்னைக் கேட்டார். “அந்தக் குடைக்கம்பிக்காரன் எங்கே?” என்றார். மனுஷன் எதையும் மறக்கவில்லை.

ராடை மடியில் போட்டு, கழலாமல் இருந்த ஒரு கைடின் கட்டின்மேல் கட்டைவிரல் நகத்தை மெதுவாக ஓட்டினார். ஒரே இடத்தில் நகம் மறுபடி மறுபடி நின்றது. “இங்கே நூல் ஏறலைடா, தாண்டுது” என்றார். அவ்வளவுதான். அவர் வாழ்க்கையில் கார்பன் ராடு கட்டியதே இல்லை.

கைடின் கால், அதாவது ராடின்மேல் வைத்து நூலால் கட்டும் உலோகப் பகுதி, கடையிலிருந்து வரும்போது நுனி கட்டையாக இருக்கும். அதை அரத்தால் சாய்வாக ராவி, நூல் சறுக்குமரம் ஏறுவது போலப் பிளாங்கிலிருந்து, அதாவது ராடின் வெறும் தண்டிலிருந்து, காலின்மேல் ஏறும்படி பண்ண வேண்டும். அந்த மழையில் அரம் எங்கே கிடந்ததோ, நான் ராவவே இல்லை. நூல் அந்தப் படியில் தாவி ஏறியிருக்கிறது, அடியில் எலிவளை மாதிரி ஒரு சந்து. மேலே எபாக்சிப் பசையைத் தாராளமாகப் பூசி மறைத்துவிட்டேன். ராடு ஒவ்வொரு தடவை வளையும்போதும் அந்த இடத்தில் பசை விரிந்து, உப்புத்தண்ணீர் உள்ளே போய், கால் ஆட ஆரம்பித்திருக்கிறது. அதுவும் ஒற்றைக்கால் கைடு, பிடிப்பு ஒரு பக்கம்தான்.

இரண்டு நாளாக வேறு வேலை ஓடவில்லை. என் ராடை முழுக்கப் பிரித்து மறுபடி கட்டுகிறேன். கால் நுனியைக் காகிதம் மாதிரி மெலிதாக்கி, அடிப்பக்கத்துப் பிசிறை உப்புத்தாளால் தேய்த்துவிட்டேன். அந்தப் பிசிறு பிளாங்கைக் கீறினால் ராடே அந்த இடத்தில் ஒடியும். நூலை அதன்மேலேயே குறுக்காக ஐந்தாறு சுற்று ஓட்டிப் பூட்டிவிட்டு, காலை நோக்கி நகத்தால் நெருக்கி நெருக்கிச் சுற்ற வேண்டும். முடிவதற்கு எட்டுச் சுற்று முன்னால் ஒரு நூல் கண்ணியை அடியில் வைத்துக் கடைசி முனையை அதில் கோத்து இழுத்தால் முடிச்சே தெரியாது. ஒற்றைக்கால் கைடுக்கு இன்னொரு வேலையும் உண்டு. காலின்மேல் சுற்றி வந்த நூலை வளையத்துக்கு முன்பக்கமும் ஓரிரு சுற்று விட்டுப் பின்னால் திருப்ப வேண்டும். அது கைடு முன்னால் உருவாமல் பூட்டுப் போடும். இந்த ஒன்றைச் செய்திருந்தால் அந்தக் கொடுவா இந்நேரம் குழம்பாகியிருக்கும்.

இறுக்கிக் கட்டினால்தான் பலம் என்று நாம் சண்டை போட்டோமே, நீ சொன்னதுதான் சரி. கட்டி முடித்த பிறகும் கைடைக் கொஞ்சம் நகர்த்தி நேர்பார்க்க முடிய வேண்டும். பிடிப்பைப் பசை பார்த்துக்கொள்ளும். இதை நீ நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

எபாக்சிக்கு இந்தத் தடவை ஊசி போடும் சிரிஞ்சு இரண்டு வாங்கி, இரண்டு பாகமும் சரிக்குச் சரி அளந்தேன். போன தடவை கண்ணளவு. கையால் திருப்புவதும் இல்லை. பழைய மைக்ரோவேவ் அடுப்பின் தட்டுச் சுற்றும் மோட்டாரைக் கழற்றி ராடை அதில் மாட்டிவிட்டேன். நிமிஷத்துக்கு 5, 6 சுற்று, பசை ஒரு பக்கம் தொங்காது. ராத்திரி முழுக்க ஹாலில் ராடு தானாகச் சுற்றுவதைப் பார்த்து உன் தங்கச்சி, “இதுக்குப் பேசாம கோழியை மாட்டியிருக்கலாம்” என்கிறாள்.

இப்போது நீ செய்ய வேண்டியது. பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு கைடின் கால் நுனியையும் பார். பசையில் முடி மாதிரி வெள்ளைக்கோடு வளையமாக ஓடுகிறதா? துருநிறக் கறை இருக்கிறதா? விரலால் பிடித்து லேசாகத் திருகு, துளி அசைந்தாலும் போச்சு. வளையத்துக்குள் கொஞ்சம் பஞ்சையும் ஓட்டிப் பார், விரிசல் இருந்தால் இழை மாட்டும். பார்ப்பதோடு நிறுத்து. பிளேடு எடுத்து நீயே பிரிக்க உட்காராதே, உன் கை எனக்குத் தெரியும். உலோகக்காலின் மேல்பக்கத்தில்தான் நூலைச் சீவ வேண்டும், பிளாங்கில் பட்டால் ராடு குப்பைக்கு.

ஒன்று மட்டும் மனசை அரிக்கிறது. நீ பையனையும் கூட்டிக்கொண்டு தடுப்புச்சுவர்க் கல்லில் நின்று பிடிப்பதாகப் போனில் சொன்னாயே. பெரிய மீன் இழுக்கும்போது கைடு போனால் ஆள் பின்னால் விழுவான். பாசிக் கல்லடா அது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கு அந்த நினைப்பாகவே இருக்கிறது.

தீபாவளிக்கு வரும்போது ராடை ஒரு பிவிசி குழாயில் போட்டு எடுத்து வா. மழை பிடிப்பதற்குள் கட்டிவிடலாம், ஈரக்காற்றில் பசை பால் பூத்துவிடும். வரும் வழியில் கடலூரில் இறங்கித் தாத்தாவைப் பார். வெற்றிலை வாங்கிக்கொண்டு போ, பாக்கு வேண்டாம், பல் இல்லை.

ரேடியோவிடம் என் கடனைப் பற்றி நீயும் ஒரு வார்த்தை கேள்.

உன்,
கைடு கழன்றவன்