இரண்டே ஆட்டங்கள் ஒரு தொடராகுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெஸ்ட் கிரிக்கெட் தொடரில் எத்தனை ஆட்டங்கள் இருக்க வேண்டும் என்று கேட்டால், பழைய ரசிகர்கள் யோசிக்காமல் ஐந்து என்பார்கள். தென்னாப்பிரிக்காவில் இருக்கும் எங்களுக்கு அது எட்டாக்கனி. எங்கள் அணி ஐந்து ஆட்டத் தொடரில் கடைசியாக ஆடியது 2004-05இல், இங்கிலாந்து இங்கு வந்தபோதுதான். எனவே நடக்கக்கூடிய ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன்: எந்தத் தொடரும் மூன்று ஆட்டங்களுக்குக் குறையக் கூடாது.

இரண்டு ஆட்டத் தொடரில், முதல் ஆட்டத்தில் தோற்ற அணி அதன்பின் எவ்வளவு சிறப்பாக ஆடினாலும் தொடரை வெல்ல வழியில்லை. சமன் செய்வதே அதற்கு அதிகபட்சம். 2018இல் டர்பன் கிங்ஸ்மீடு மைதானத்தில் ஆஸ்திரேலியாவிடம் 118 ரன்களில் தோற்ற நாங்கள், நான்கு ஆட்டங்கள் இருந்ததால் அடுத்த மூன்றையும் வென்று தொடரைக் கைப்பற்றினோம். 2021-22இல் செஞ்சூரியனில் இந்தியாவிடம் தோற்றபின் ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப்டவுனிலும் வென்றோம். அந்தத் தொடரில் எங்கள் மட்டையாளர் கீகன் பீட்டர்சன் எடுத்த ரன்களை வரிசையாகப் பாருங்கள்: 15, 17, 62, 28, 72, 82. இந்திய வேகப்பந்து வீச்சாளர்களான பும்ராவையும் ஷமியையும் எப்படி ஆடுவது என்று ஒரு மட்டையாளர் ஆட்டத்துக்கு ஆட்டம் கற்றுக்கொண்ட கதை அதில் இருக்கிறது. இரண்டாவது ஆட்டத்தோடு திரை விழுந்திருந்தால், தொடர் நாயகன் விருது பெற்ற அவர் ஒரே ஒரு அரைசதம் அடித்தவராகவே நின்றிருப்பார்.

இதற்கு நேர்மாறு, 2023-24இல் இந்தியாவுடன் இங்கு நடந்த இரண்டு ஆட்டத் தொடர். செஞ்சூரியனில் நாங்கள் இன்னிங்ஸ் வெற்றி பெற்றோம். கேப்டவுனில் முதல் நாள் காலையிலேயே 55 ரன்களுக்குச் சுருண்டோம். இந்தியாவோ 153 ரன்களில் நின்றபடியே கடைசி ஆறு விக்கெட்டுகளையும் இழந்தது. 642 பந்துகளில் ஆட்டம் முடிந்து, தொடர் 1-1 என்று சமனானது. டெஸ்ட் வரலாற்றில் முடிவு கண்ட ஆட்டங்களில் இதைவிடக் குறைந்த பந்துகளில் முடிந்தது வேறில்லை. எது சிறந்த அணி என்று தாத்தா இந்தியா பக்கமும் பேரன் தென்னாப்பிரிக்கா பக்கமும் நின்று வாதிடும் டர்பன் தமிழர் வீடுகளில் அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. மூன்றாவது ஆட்டம் ஒன்று இருந்திருந்தால் தீர்ந்திருக்கும். (அதைக் கிங்ஸ்மீடுக்கே கொடுத்திருக்கலாம் என்பது எங்கள் சுயநலம், இந்தியா இங்கு கடைசியாக டெஸ்ட் ஆடியது 2013 டிசம்பரில், எங்கள் ஆல்ரவுண்டர் காலிஸ் டெஸ்டிலிருந்து விடைபெற்ற ஆட்டத்தில்.)

நீளம் ஒன்றே போதும் என்று நான் சொல்லவில்லை. 1939இல் இதே கிங்ஸ்மீடில் கால வரம்பே இல்லாமல் நடந்த டெஸ்டில், இங்கிலாந்து 696 ரன் இலக்கை நோக்கி 5 விக்கெட்டுக்கு 654 எடுத்திருந்த நிலையில், ஊர் திரும்பும் கப்பலைப் பிடிக்க வேண்டியிருந்ததால் ஆட்டம் முடிவின்றிக் கைவிடப்பட்டது. இன்றைய ஐந்து ஆட்டத் தொடர்களும் வேகப்பந்து வீச்சாளர்களைப் பிழிந்தெடுக்கின்றன. 2025இல் இங்கிலாந்துக்குச் சென்ற பும்ரா ஐந்தில் மூன்று ஆட்டங்களில்தான் ஆடினார்.

பணம் இல்லை, நாட்கள் இல்லை என்று வாரியங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஜனவரி மாதம் எங்கள் நாட்டு டி20 லீக்கான எஸ்ஏ20 போட்டிக்கு ஒதுக்கப்பட்டுவிடுகிறது. 2024இல் அதற்காக முன்னணி வீரர்களை இங்கேயே நிறுத்திவிட்டு, அனுபவமற்ற அணி ஒன்றை நியூசிலாந்துக்கு அனுப்பி, அந்நாட்டிடம் முதன்முறையாகத் தொடரை இழந்தோம். ஆனால் நான் கேட்பது கூடுதல் ஆட்டங்களை அல்ல. 2023-25 உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் சுற்றில் தென்னாப்பிரிக்கா ஆறு தொடர்களில், தொடருக்கு இரண்டு வீதம் 12 ஆட்டங்கள் ஆடி, பிறகு லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவை வென்று கோப்பையைப் பெற்றது. அதே 12 ஆட்டங்களை உள்நாட்டில் இரண்டு, வெளிநாட்டில் இரண்டு என நான்கு தொடர்களாகப் பிரித்தால் தொடருக்கு மூன்று ஆட்டங்கள் கிடைக்கும். பயணச் செலவும் குறையும். சந்திக்கும் அணிகள் குறையுமே என்று கேட்கலாம். சாம்பியன்ஷிப்பில் ஆடும் ஒன்பது அணிகளில் ஒவ்வொன்றும் மற்ற எட்டில் ஆறைத்தான் இப்போதும் சந்திக்கிறது. அந்தச் சுற்றில் இறுதிப் போட்டிக்கு முன் நாங்கள் ஆஸ்திரேலியாவையோ இங்கிலாந்தையோ சந்திக்கவே இல்லை.

ஒரு தொடருக்குக் குறைந்தது இரண்டு ஆட்டங்கள் என்பதே சாம்பியன்ஷிப் விதி. 2025இல் இங்கிலாந்துடன் ஐந்து ஆட்டங்கள் ஆடிய இந்தியா, அதே ஆண்டு நவம்பரில் உலகச் சாம்பியனான எங்களுடன் இரண்டோடு நிறுத்திக்கொள்ள அந்த விதியே இடம் கொடுத்தது. அடுத்த சுற்றுக்கு முன் அதிலுள்ள இரண்டை மூன்றாக்குமாறு இரு நாட்டு வாரியங்களும் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலிடம் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா