தீரும் பொருளும் தீராப் பொருளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகைக் காலத்தை முன்னிட்டுத் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வெளியான ஒப்பனைப் பொருட்களின் பரிந்துரைப் பட்டியலையும், அதன் ஓரத்தில் ‘செலவுக்கு ஓர் உச்சவரம்பு வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்ன பெட்டிச் செய்தியையும் படித்தேன். பட்டியலில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அதிலிருந்த இரண்டு பொருட்களை நானே பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அந்தப் பெட்டிச் செய்தியைப் பற்றித்தான் எழுதத் தோன்றியது. கணக்கு எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவள் நான். ஒப்பனைப் பொருட்களின் மீது அடங்காத ஆசை உள்ளவளும்கூட. இந்த இரண்டும் சேர்ந்து என்னைச் செய்யவைத்த தவற்றைச் சொன்னால் மற்ற வாசகர்களுக்குப் பயன்படக்கூடும்.

சென்ற ஆண்டு நானும் உச்சவரம்பு வைத்தேன். ஒரு தொகையைத் தனியே எடுத்துவைத்து, வாங்க வாங்க நோட்டில் எழுதிக் கழித்துக்கொண்டே வந்து, வரம்பை ஒரு காசும் மீறாமல் பண்டிகையைக் கடந்துவிட்ட பெருமையில் இருந்தேன். ஆறு மாதம் கழித்து மேசை இழுப்பறையை ஒழுங்குபடுத்தியபோது, உறை பிரிக்காத மஸ்காரா ஒன்றும், சில முறை போட்டதோடு கெட்டியாகிப்போன மஸ்காரா ஒன்றும், பெயரில் மட்டும் வேறுபட்டு உதட்டில் ஒரே நிறமாகத் தெரிந்த நான்கு லிப்ஸ்டிக்குகளும், பன்னிரண்டு நிறங்களில் மூன்று மட்டுமே தேய்ந்திருந்த ஐ ஷேடோ பேலட் ஒன்றும் கிடைத்தன. அதே வாரத்தில் சன்ஸ்கிரீன் தீர்ந்துபோய், அதை முழு விலை கொடுத்து வாங்கி வந்தேன் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். என் கணக்கில் பிழையில்லை. வாங்கிய பொருட்களில்தான் பிழை. ஏனென்றால் உச்சவரம்பு ‘எவ்வளவு’ என்ற கேள்விக்கு மட்டுமே பதில் சொல்கிறது. எதை, எத்தனை என்ற கேள்விகளை அது கேட்பதே இல்லை. போதாக்குறைக்கு, ஒரு தொகையை ஒதுக்கிவிட்டால் அதைச் செலவழித்தே தீர வேண்டும் என்றொரு நமைச்சலும் கூடவே வந்துவிடுகிறது. அந்த பேலட்டைக் கடைசி நாளில், ஒதுக்கியதில் மிச்சம் இருந்தது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் வாங்கினேன்.

அதன்பின் நான் கற்றுக்கொண்டது, அழகுசாதனப் பொருட்களைத் தீரும் பொருள், தீராப் பொருள் என்று இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனியே கணக்கு வைப்பது. சன்ஸ்கிரீனை எடுத்துக்கொள்வோம். வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்பதைக் காட்ட உறையில் அச்சிடப்படும் எஸ்பிஎஃப் எண், ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் பூசிச் சோதித்துப் பெறப்படுவது. அந்த அளவில் பூசினால் முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு வேளைக்கு ஒரு மில்லிலிட்டருக்குச் சற்று அதிகமாகவே தேவைப்படும். ஆக, 50 மில்லிலிட்டர் குழாய் நாளுக்கு ஒரு வேளை பூசினாலே ஏறத்தாழ நாற்பது நாளில் தீர்ந்துவிடும். முகம் கழுவும் ஜெல், மாய்சரைசர், ஷாம்பு ஆகியவையும் அப்படித்தான். இவற்றைச் சலுகை விலையில் கிடைக்கும்போது மூன்று நான்கு மாதத்துக்குச் சேர்த்து வாங்கிவைப்பது நல்ல சிக்கனம், காலாவதித் தேதி தொலைவில் இருக்கும்வரை.

இப்போது லிப்ஸ்டிக்குக்கு வருவோம். வழக்கமான லிப்ஸ்டிக் ஒன்றில் ஏறத்தாழ 3.5 கிராம் இருக்கும். ஒரு முறை பூசினால் 10 மில்லிகிராம் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரே லிப்ஸ்டிக்கில் 350 முறை பூசலாம். நாள் தவறாமல் இரண்டு முறை பூசுபவருக்கே அது ஏறத்தாழ ஆறு மாதம் வரும். பண்டிகைச் சலுகையில் ஐந்து வாங்கினால், வேறு எதையும் தொடாமல் அந்த ஐந்தையும் தீர்க்க இரண்டு ஆண்டுக்கும் மேலாகும். ஏற்கெனவே வீட்டில் இருப்பவை இந்தக் கணக்கில் சேரவில்லை. ஐ ஷேடோ, பிளஷ், ஹைலைட்டர் ஆகியவற்றின் நிலைமை இதைவிட மோசம். அவற்றில் ஒன்றையாவது அடித்தட்டு தெரியும்வரை தீர்த்தவர்கள் எத்தனை பேர் என்று என் தோழிகளைக் கேட்டபோது சிரிப்புதான் பதிலாக வந்தது. இவற்றுக்குத் தள்ளுபடி எத்தனை விழுக்காடு என்பது முக்கியமே இல்லை. பயன்படாமல் கிடக்கப்போகும் பொருளைப் பாதி விலைக்கு வாங்கினால், போனது அந்தப் பாதி விலை முழுவதும்தான்.

இங்கே காலமும் ஒரு வரம்பு போடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பொருளின் உறையிலோ அடியிலோ மூடி திறந்த ஒரு சிறு டப்பாவின் படமும், அதில் ‘6 எம்’, ‘12 எம்’, ‘24 எம்’ என்பது போன்ற குறிப்பும் இருக்கும். திறந்த நாளிலிருந்து எத்தனை மாதத்துக்குப் பயன்படுத்தலாம் என்பதைச் சொல்லும் குறி அது. ஐரோப்பிய ஒன்றியத்தில், திறக்காமல் வைத்தால் 30 மாதத்துக்கு மேல் கெடாத பொருட்களுக்கு 2005 முதல் இந்தக் குறி பொதுவாகக் கட்டாயம். கண்ணை ஒட்டிப் பயன்படும் மஸ்காராவைத் திறந்த மூன்று மாதத்தில் மாற்றிவிட வேண்டும் என்பது கண் நலம் பேசுபவர்கள் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை; இமையில் பட்ட தூரிகை ஒவ்வொரு முறையும் கிருமிகளோடு குழாய்க்குள் திரும்பிச் செல்கிறது அல்லவா? வைட்டமின் சி சீரம் காற்றும் வெளிச்சமும் பட்டு மஞ்சளாகி, பின் பழுப்பாகி வலுவிழந்துவிடும். ஆகவே ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று மஸ்காராவில் வரும் சலுகை, ஒன்பது மாதத் தேவையை இன்றே வாங்கிக்கொள் என்று சொல்வதற்குச் சமம். மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும் பொறுமை இருந்தால் நட்டமில்லை. புதிதாக வாங்கியதை அன்றே திறந்து பார்க்காமல் இருக்கும் பொறுமை எனக்கு இருந்ததில்லை.

இதே காரணத்தால்தான், மினி அளவுகளைப் பற்றிய என் எண்ணமும் மாறியது. ஒரு மில்லிலிட்டருக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்த்தால் மினி பெரும்பாலும் முழு அளவைவிட அதிக விலையாகத்தான் வரும். கணக்கு தெரிந்தவர்கள் அதை வாங்கக் கூடாது என்றே நான் சொல்லி வந்தேன். ஆனால் மூன்று மாதத்தில் தூக்கி எறிய வேண்டிய மஸ்காராவில் முழுக் குழாயையும் தீர்ப்பவர்கள் குறைவு. அங்கே மில்லிலிட்டருக்கு அதிகம் கொடுத்து மினி வாங்குபவர்தான் உண்மையில் குறைவாகச் செலவழிக்கிறார். அடிக்கடி போடாத அடர்நிற லிப்ஸ்டிக்குக்கும் இது பொருந்தும். தினமும் பூசும் மாய்சரைசருக்குப் பொருந்தாது.

பண்டிகைக் காலத்துக்கென்றே வரும் கிஃப்ட் செட்களை வாங்குமுன் ஒரு காரியம் செய்யலாம். அதில் உள்ள பொருட்களில், தனியாகக் கிடைத்தாலும் வாங்கியிருப்போம் என்று நெஞ்சறியச் சொல்லக்கூடியவற்றின் விலையை மட்டும் கூட்டிப் பார்க்க வேண்டும். அந்தக் கூட்டுத்தொகை செட்டின் விலையைத் தாண்டினால் மட்டுமே அது மலிவு. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ‘மொத்த மதிப்பு’ நமக்குரிய மதிப்பு அன்று. ‘இன்னும் இவ்வளவுக்கு வாங்கினால் பரிசு இலவசம்’ என்ற அறிவிப்பும் அப்படிப்பட்டதே. வேண்டாத ஒரு நகப்பூச்சைக் கூடையில் சேர்த்து வரம்பை எட்டுகிறோமே, இலவசமாக வந்ததாக நினைக்கும் அந்தச் சிறு பையின் விலை அந்த நகப்பூச்சின் விலைதான். பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர் 1985ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில், ஒரு பொருள் தரும் பயன் வேறு, அதை மலிவாகப் பெற்றோம் என்ற எண்ணம் தரும் இன்பம் வேறு என்று பிரித்துக் காட்டினார். 2017இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. என் இழுப்பறையில் கிடந்தவற்றில் பாதி, இரண்டாவது வகை இன்பத்தை மட்டுமே எனக்குத் தந்தவை. அந்த இன்பமும் பொட்டலத்தைப் பிரிக்கும்வரைதான் நீடித்தது.

அடித்துக் காட்டப்படும் பழைய விலையையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. விற்பனைக்குச் சில வாரங்களுக்கு முன் விலையை ஏற்றிவிட்டுப் பிறகு இறக்கும் வழக்கத்தைத் தடுக்கத்தான், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல், விலைக்குறைப்பை அறிவிக்கும் விற்பனையாளர்கள் அதற்கு முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையையும் காட்ட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அத்தகைய விதி இல்லாத இடங்களில் அந்தக் காவலை நாமே செய்துகொள்ளலாம். வேண்டிய பொருட்களின் பெயரையும் அன்றைய விலையையும் பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே ஒரு தாளில் குறித்துவைத்தால் போதும். அந்தத் தாளில் இல்லாத ஒன்று பண்டிகை வாரத்தில் திடீரென்று அவசியமாகத் தோன்றினால், அதைத் தோற்றுவித்தது விளம்பரம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

மிக மலிவாகக் கிடைப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. 2018ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் வெளியிட்ட அறிக்கையின்படி, இணையச் சந்தைகளில் வெளி விற்பனையாளர்களிடமிருந்து சோதனைக்காக வாங்கிய 47 பொருட்களில் 20 போலியானவை. அந்த 47இல் ஒப்பனைப் பொருட்கள் 13, அந்த 13ம் போலி. கைப்பை போலியாக இருந்தால் பணம்தான் போகும். கண்ணில் தீட்டுவது போலியாக இருந்தால் போவது பணத்தோடு நிற்காது.

அன்பளிப்பாகக் கொடுப்பதற்கு வாங்கும்போதும் அதே இரண்டு வகையை நினைவில் வைத்துக்கொண்டால் சிக்கல் குறையும். ஒருவரது தோலின் நிறச்சாயலை அவரே பகல் வெளிச்சத்தில் பார்த்துத் தேர்ந்தெடுக்கத் திணறும் ஃபவுண்டேஷனை நாம் ஊகித்து வாங்கித் தருவது வீண்செலவு. கைகளுக்கான கிரீம், உதட்டுக்கான பாம், மணம் குறைந்த குளியல் ஜெல் போன்றவற்றைப் பெற்றவர்கள் தீர்த்துவிடுவார்கள். தவணை முறையில் வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தவணை முடியுமுன் கெட்டுப்போகக்கூடிய பொருளைக் கடனுக்கு வாங்கலாகாது.

இவ்வளவும் எழுதியதால், ஒப்பனைக்கே செலவு செய்யக் கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். குடும்பச் செலவைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதல் கேலி பெண்களின் ஒப்பனைப் பையின் மீதுதான் விழுகிறது. ஆண்டுக்கொரு முறை மாற்றப்படும் கைபேசியின் மீது அந்தக் கேலி விழுவதில்லை. எஸ்டீ லாடர் என்ற அழகுசாதன நிறுவனத்தின் தலைவராக இருந்த லெனார்ட் லாடர், பொருளாதாரம் தளரும்போது லிப்ஸ்டிக் விற்பனை உயர்கிறது என்று 2001ஆம் ஆண்டில் சொன்னதிலிருந்து ‘லிப்ஸ்டிக் குறியீடு’ என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. குறியீடு என்ற அளவில் அது எப்போதும் பொருந்துவதில்லை. முகக்கவசத்தோடு நடமாடிய 2020ஆம் ஆண்டில் லிப்ஸ்டிக் விற்பனை சரிந்தது. ஆயினும் பெரியவற்றைத் தள்ளிப்போட வேண்டிய நாட்களில் சிறிய ஒன்றால் மனம் தேறுகிறது என்பதில் இழிவு எதுவும் இல்லை. அதற்காகவே என் கணக்கில் ஆண்டுக்கு ஒரு தீராப் பொருளுக்கு இடம் வைத்திருக்கிறேன், எந்தக் காரணமும் கேட்காமல்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பண்டிகை இணைப்பில் ஒப்பனைப் பொருட்களைப் பரிந்துரைக்கும்போது, விலைக்கு அருகிலேயே பொருளின் நிகர அளவையும், கிராமுக்கோ மில்லிலிட்டருக்கோ விழும் விலையையும், திறந்தபின் எத்தனை மாதம் தாங்கும் என்பதையும் சேர்த்து அச்சிட முடியுமா? மூன்றும் உறையிலிருந்தே கிடைக்கக்கூடியவை. ஒரு பொருளுக்கு ஒரு வரிக்கு மேல் இடம் பிடிக்காது. பெட்டிச் செய்திக்கு இடம் மிஞ்சினால், கடைக்குப் புறப்படுமுன் இழுப்பறையைத் திறந்து இருப்பை எண்ணச் சொல்லுங்கள். நான் எண்ணிவிட்டேன்: இந்த முறை என் தாளில் சன்ஸ்கிரீன் மூன்று, முகம் கழுவும் ஜெல் இரண்டு, மினி மஸ்காரா ஒன்று. லிப்ஸ்டிக் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி ஒருவர்