பயிற்சியைக் கெடுத்துக் கொடுத்தவர்களுக்கு நன்றி

எங்கள் கூடைப்பந்து அணியின் மாலைப் பயிற்சிக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

வரிசையில் நின்று லே-அப் (கூடைக்கு அருகே ஓடிப்போய்ப் பந்தைப் போடுவது) போடும்போது அடுத்து என்ன வரும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். மேட்சில் தெரியாது. அந்தக் குழப்பத்தைப் பயிற்சியிலேயே கொண்டுவர ஒரு கோச்சும் ஒரு விசிலும் போதாது, கெடுப்பதற்கென்றே ஆள் வேண்டும். நீங்கள் வந்தீர்கள்.

முதலில் சீனியர்களுக்கு. ஐந்து பேர் பந்தைக் கொண்டுபோக, ஏழு பேராக நின்று பிரஸ் போட்டீர்கள், அதாவது பந்தை முன்னேற விடாமல் நெருக்கினீர்கள். எட்டு நொடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும். அவசரத்தில் எல்லோரும் முதலில் செய்வது பந்தை உயரத் தூக்கி வீசுவதுதான். அது இறங்குவதற்குள் கீழே இரண்டு பேர் காத்திருப்பார்கள். பந்தைத் தட்டிக்கொண்டே ஓடித் தப்பிக்கவும் வழியில்லை, திரும்பிய பக்கமெல்லாம் ஓர் ஆள். நெஞ்சு உயரத்தில் நேராகப் போகும் பாஸும், கோர்ட்டின் நடுவில் பந்தை வாங்க எதிரே ஓடி வரும் ஒருவரும் இருந்தால்தான் ஏழு பேரை உடைக்க முடியும். ஆளை இடிக்காமல் பாதையை மட்டும் அடைத்தீர்களே, அதற்குத் தனி நன்றி. கூடுதல் ஆள் இருக்கிற தெம்பில் தள்ளுமுள்ளு தொடங்கிவிட்டால் யாராவது ஒருவர் கணுக்கால் வீங்கி வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

ரெஃபரி சார், கேட்டுக்கொண்டபடியே சில ஃபவுல்களைக் கண்டும் காணாமல் விட்டீர்கள். கையை விரித்து முறையிட நின்றவர் திரும்புவதற்குள் மறுபக்கம் கூடை விழுந்தது. முறையிட நிற்கக் கூடாது என்பது நாங்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் உறைத்திருக்காது.

டேபிளில் உட்கார்ந்த தங்கைகளே, நீங்கள் எடுத்துப் படித்த சீட்டுகள்தான் பயிற்சியின் உயிர். “மூன்று புள்ளி பின்தங்கல், 40 நொடி, டைம் அவுட் இல்லை.” 12 நொடிக்குள் இரண்டு புள்ளி எடுத்துவிட்டால், எதிரணி கூடையை நோக்கி எறியத் தனக்குள்ள 24 நொடியை முழுக்கக் கரைத்தாலும் நமக்கு நான்கு நொடி மிஞ்சும். 20 நொடி இழுத்தால் பந்தைப் பறிக்க வேண்டும், இல்லையேல் ஃபவுல் செய்ய வேண்டும். அந்தக் குவார்ட்டரில் ஏற்கெனவே நான்கு டீம் ஃபவுல் ஆகியிருந்தால் அடுத்ததற்கு அவர்களுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இந்தக் கணக்கை மூச்சு வாங்க ஓடும்போது போட்டுப் பழக வேண்டும். போர்டில் எழுதிக் காட்டினால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். தாக்கும் அணியே ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்து) எடுத்தால் அந்த 24 நொடிக் கடிகாரத்தை 14-க்கு மாற்ற வேண்டும் என்பதையும் ஒருமுறைகூட மறக்கவில்லை.

மைக் செட் அண்ணன் போட்ட சத்தத்தில் கூப்பிட்டால் கேட்கவில்லை. கை ஜாடை தானாக வந்தது.

சிமென்ட் தரையில் மணல் கூட்டி, உருண்டு வந்த பந்துகளை உடனுக்குடன் ஓரங்கட்டிய சின்னவர்களுக்கும் நன்றி. குழப்பம் ஆட்டத்தில் இருக்கலாம், காலடியில் இருக்கக் கூடாது.

அடுத்த பயிற்சிக்கும் எல்லோரும் வாருங்கள். சீனியர்கள் மட்டும் தயவுசெய்து செருப்போடு கோர்ட்டில் இறங்க வேண்டாம், ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
பயிற்சியாளர்கள்