அனுமதி மறுக்குற பேப்பர்ல கையெழுத்து போடுற ஆபீசர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் சார், வணக்கம் மேடம்.

இதுல ஸ்டேஷன் பேரு, ஊர் பேரு எதுவும் போடல, ஏன்னா இது ஒரு ஆள் மேல கம்ப்ளைன்ட் இல்ல. போன மாசம் நாங்க ஒரு நாப்பது பேர் தெருமுனைக் கூட்டம் போடலாம்னு பத்து நாள் முன்னாடியே மனு குடுத்தோம், ரெண்டு தடவை போய் நின்னோம், "ஐயா ரவுண்ட்ஸ்ல இருக்காரு"ன்னாங்க, கடைசில கூட்டத்துக்கு முந்தின நாள் ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு ஏட்டு பைக்ல வந்து பேப்பரை நீட்டி கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாரு. சட்டம் ஒழுங்கு பாதிக்கப்பட வாய்ப்பு இருக்காம், அதனால அனுமதி இல்லையாம். யாரால பாதிக்கும், எப்படி பாதிக்கும்னு ஒரு வரி கிடையாது. உத்துப் பாத்தா அது ஜெராக்ஸ் பேப்பர், எங்க பேரும் தேதியும் மட்டும்தான் பேனால எழுதியிருந்துச்சு. காரணம் முதல்லயே ரெடி, ஆள்தான் அப்புறம் வர்றான் போல.

உரிமைக்கு எல்லையே கூடாதுன்னு நான் சொல்ல வரல. ஆம்புலன்ஸ் போற வழிய மறிச்சு மேடை போடக்கூடாது, ராத்திரி பத்து மணிக்கு மேல ஸ்பீக்கர் கூடாது, சாதியச் சொல்லி ஆள அடிக்கக் கூப்பிடுறவனுக்கு மைக்கே குடுக்கக்கூடாது. எல்லாம் சரிதான். ஆனா அரசியலமைப்புச் சட்டத்தோட 19வது பிரிவ எடுத்துப் படிச்சா ஆயுதம் இல்லாம அமைதியா கூடுற உரிமைதான் முதல்ல வருது, கட்டுப்பாடு அதுக்குக் கீழ வருது, அதுவும் சட்டம் வழியா, "நியாயமான" கட்டுப்பாடா இருக்கணும்.

அந்த "நியாயமான"ங்கிற வார்த்தைக்குப் பின்னாடி நம்ம மாகாணத்து கதை ஒண்ணு இருக்கு. கிராஸ் ரோட்ஸ்னு ஒரு பத்திரிகைய மதராஸ் அரசு உள்ள விடாம தடை பண்ணுச்சு, அத நடத்துன ரொமேஷ் தாப்பர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாரு, 1950 மே மாசம் தடை செல்லாதுன்னு தீர்ப்பு வந்துச்சு. அரசு சும்மா இருக்குமா, அடுத்த வருஷமே முதல் திருத்தம் கொண்டு வந்து பேச்சுரிமைய கட்டுப்படுத்துற காரணங்கள்ல பொது ஒழுங்கையும் சேத்துட்டாங்க. ஆனா அதே திருத்தத்துலதான் பேச்சுரிமை மேல போடுற கட்டுப்பாடு "நியாயமானதா" இருக்கணும்னும் எழுதுனாங்க. அந்த சொல்ல வச்சுத்தான் கோர்ட் இன்னிக்கும் உங்கள கேள்வி கேக்குது. பொது ஒழுங்கு மட்டும் உங்க ஜெராக்ஸ்ல இருக்கு, நியாயத்த யாரு விட்டது?

அடுத்து, "எதிர் கோஷ்டி வந்து கலாட்டா பண்ணுவாங்க"ன்னு வாய்மொழியா சொல்றீங்களே, அதுக்கும் 1989லயே பதில் வந்தாச்சு. ஒரு தமிழ்ப் படத்து கேஸ்ல, எவனோ மிரட்டுறான்னு சொல்லி பேசுறவன் வாய அடைக்கக் கூடாது, பாதுகாப்பு குடுக்குறதுதான் அரசோட வேலைன்னு சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிருச்சு. நீங்க பண்றது அதுக்கு நேர் தலைகீழ். கல்லு எடுக்கப் போறேன்னு சொன்னவன் வீட்ல நிம்மதியா தூங்குறான், நோட்டீஸ் எங்க வீட்டுக்கு வருது.

கோர்ட் சொன்னா மட்டும் உடனே கேட்டுருவீங்களான்னா, அதுவும் சந்தேகம்தான். ஐடி சட்டத்துல, ஆன்லைன்ல புண்படுத்துற மாதிரி எழுதுனா கேஸ் போடுற 66ஏ பிரிவ 2015ல ரத்து பண்ணியாச்சு, அதுக்கப்புறமும் வருஷக்கணக்கா அதே பிரிவுல கேஸ் போட்டுட்டு இருந்தாங்க, 2021ல சுப்ரீம் கோர்ட்டே அதிர்ச்சியா இருக்குன்னு சொல்லுச்சு.

எங்க தப்பும் இருக்கு, மறைக்கல. ரெண்டு வருஷம் முன்னாடி எங்களுக்குப் புடிக்காத ஒரு குரூப்புக்கு இதே ஜெராக்ஸ் போனப்ப எங்க வாட்ஸ்அப்ல ஒரே கொண்டாட்டம், நானும் ஒரு ஸ்மைலி போட்டேன். அன்னிக்கு அந்த பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு எங்கள்ல ஒருத்தர்கூட கேக்கல.

அடுத்த மாசம் மறுபடி மனு குடுக்கப் போறோம். ஓகே சொன்னா சந்தோஷம். இல்ல முடியாதுன்னா, எங்க கூட்டத்தப் பத்தின காரணத்த எழுதி, நாலு நாள் முன்னாடியாவது பகல்லயே குடுங்க. முந்தின ராத்திரி ஒன்பதரைக்கு குடுத்தா எந்த ஹைகோர்ட் சார் தொறந்திருக்கும்? வக்கீலப் புடிச்சு ரிட் போடவாவது எங்களுக்கு டைம் வேணும்ல.