யார் கூற்று என்று முதலில் கேளுங்கள்

கொங்கு நாட்டுக் கல்லூரிகளின் ஆண்டு மலர்க் குழுவினருக்கும், அந்தக் குழுக்களில் இருக்கும் தமிழ்த்துறை நண்பர்களுக்கும் வணக்கம்.

நானும் உங்களில் ஒருத்தி. தமிழ் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவள். மலர்க் குழுவில் பல வருடம் இருந்திருக்கிறேன். அங்கே என் கண்முன்னால் நடந்த ஒன்றுதான் இந்த மடலை எழுத வைக்கிறது.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி மலருக்குக் கவிதை கொடுத்திருந்தாள். விசைத்தறி ஓட்டுகிறவரின் மகள். மில் விடுதியிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக வெளியேறி, பஸ் ஸ்டாண்டில் விடியலுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் பேச்சு அது. முழுக்க முழுக்க ‘நான்’ என்றே வரும். குழுவில் ஒருவர் அந்தத் தாளில் இருந்த ‘நான்’களை எல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருந்தார். ஏழு வட்டம். அவளைக் கூப்பிட்டுக் கேட்ட முதல் கேள்வி, “இது உனக்கு நடந்ததா?” அவள் வாய் திறக்கவில்லை. மறுநாள் அப்பாவை வரச் சொன்னார்கள்.

ராத்திரி ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. தாளை அவர் கையில் கொடுத்தார்கள். “எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. புள்ள தப்பா ஏதாச்சும் பண்ணிப்போட்டாளுங்களா?” என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கவிதை மலரில் வரவில்லை. அதன் பிறகு அவள் எழுதிக் கொடுக்கவும் இல்லை.

அன்று காலை முதல் பாடவேளையில் நான் நடத்தியது குறுந்தொகை 25. கபிலர் பாட்டு.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

தன்னைக் கூடியவன் இல்லையென்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன், அன்றைக்குப் பக்கத்தில் யாருமே இல்லையே என்று ஒரு பெண் தவிக்கிறாள். அங்கே இருந்தது ஒரு குருகு, கொக்கு போன்ற பறவை. அதுவும் ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது, இவளைப் பார்க்கவில்லை. தினைத்தாள் போன்ற அதன் காலை இவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறாளே, அந்த நேரத்தில் அவள் கண் எங்கே போயிருந்தது என்பதும் அதிலேயே தெரிகிறது. எழுதியவர் ஆண். “உமக்கு இது நடந்ததா?” என்று ஈராயிரம் ஆண்டாகக் கபிலரை ஒருவரும் கேட்டதில்லை. பாட்டுக்கு மேலே ‘தலைவி கூற்று’, அதாவது பாட்டில் வரும் காதலியின் பேச்சு, என்று அச்சிட்டிருக்கிறது. நாமும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறோம். அதே கபிலர் புறநானூற்றில் பாரியைப் பற்றிப் பேசும்போது தம் வாயாலேயே பேசுகிறார். அங்கே ‘நான்’ என்றால் கபிலர்தான். எங்கே எந்த ‘நான்’ என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள்தானே நாம்?

காதலைப் பாடும் அகப்பாட்டில் ‘சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்’, யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்தது. செய்யுளியலில் கூற்று, கேட்போர், களன், காலம் என்று வரிசையாக வைத்து, முன்னம் என்ற ஒன்றையும் சேர்த்தது. ‘இவ்விடத் திம்மொழி இவரிவர்க் குரியவென்று அவ்விடத் தவரவர்க் குரைப்பது முன்னம்.’ இந்த இடத்தில் இந்தப் பேச்சு இன்னாருக்கு உரியது என்று உணர வைப்பது. நம் சீனாபுரத்துக்காரர் என்று நாம் பெருமையாகச் சொல்லும் பவணந்தியின் நன்னூலிலும் ‘ஆக்கியோன் பெயர்’ முன்னுரையான பாயிரத்தில்தான் வருகிறது. எழுதியவர் யார் என்பது நூலின் வாசலில் நிற்கும் கேள்வி. பாட்டுக்குள் போனபின் அங்கே பேசுகிறவர் வேறு.

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடம் ஒரு கதையே இருக்கிறது. ‘கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி’ என்ற பாட்டில் ‘கொங்கு’ என்பது பூந்தாது, நம் நாடு இல்லை. காதலித்தவள் பக்கத்தில் இருக்க, அவள் காதுபடத் தும்பியிடம் பேசுகிறான் ஒருவன். ‘காமம் செப்பாது கண்டது மொழிமோ’, எனக்காகச் சொல்லாதே, கண்டதைச் சொல் என்கிறான். அவள் கூந்தலைவிட மணமுள்ள பூ உண்டா என்பது அவன் கேள்வி. திருவிளையாடலில் இது பெண்கள் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா இல்லையா என்ற வழக்காகி, நெற்றிக்கண் வரை போகிறது. சொன்னவன் ஒரு காதலன், கேட்டுக்கொண்டிருப்பவள் அவன் காதலி என்று யாராவது ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்திருந்தால் வழக்கே எழுந்திருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெண் எழுதினால் அது அவள் கதைதான் என்று எடுத்துக்கொள்வது நேற்று வந்த பழக்கமில்லை. சங்ககாலப் பெண் புலவர் வெள்ளிவீதியார் பாட்டெல்லாம் அவர் வாழ்க்கையாகவே படிக்கப்படுகிறது. அகநானூறு 147இல் ஔவையாரே ‘வெள்ளி வீதியைப் போல’ நானும் புறப்பட்டுவிடலாம் என்று நினைத்தேன் எனத் தலைவியைச் சொல்ல வைக்கிறார். ஒருவேளை வெள்ளிவீதியார் உண்மையிலேயே கணவனைத் தேடி அலைந்திருக்கலாம். ஆனாலும் ‘கன்றும் உண்ணாது கலத்தினும் படாது’ நல்ல பசுவின் பால் மண்ணில் வழிந்ததைப் போல என்று அவர் சொல்லும்போது, மாடு வைத்திருக்கும் எந்தக் காங்கயத்து வீட்டுப் பெண்ணும் அதைத் தன் பேச்சாக எடுத்துக்கொள்ள முடியும். அவர் வாழ்க்கையோடு கட்டிப்போட்டால் அந்தப் பாட்டின் வழி குறுகிப்போகிறது.

படிக்காத நம் சனங்களுக்கு இது தெரியும். பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பிகளைப் பற்றிய அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடுகிறவரைப் பாருங்கள். மீசை வைத்த மனிதர், துண்டை இடுப்பில் இறுக்கியிருப்பார். படுகளத்தில் அண்ணன்மார் செத்துக் கிடக்க, தங்கை தங்காள் தேடிவரும் இடம் வந்ததும் உடுக்கையின் கயிற்றை நெரிப்பார். உடுக்கையே விம்மும். குரல் ஏறி, “அண்ணா” என்று கூப்பிடுவார். கூட்டம் அழும். அவருக்கு அண்ணன் உண்டா, உயிரோடு இருக்கிறாரா என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். எழவு வீட்டில் பக்கத்து வீட்டு அம்மாள் தாலி அறுத்தவளின் வாயாக நின்று ஒப்பாரி வைப்பாள். அவள் புருசன் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார்.

அந்தப் பெண் உண்மையிலேயே ஆபத்தில் இருந்திருந்தால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அப்படித் தோன்றினால் அவள் நம்புகிற ஒரு ஆசிரியை தனியாகக் கூப்பிட்டு, “நல்லா இருக்கியா கண்ணு?” என்று கேட்கட்டும். ஆறு பேர் உட்கார்ந்த மேசை முன்னால் நிறுத்தி, அப்பாவை வரவழைத்துக் கேட்கக் கூடாது. கூற்று வேறொருவருடையது என்பதற்காக எழுதியவருக்குப் பொறுப்பே கிடையாது என்றும் நான் சொல்லவில்லை. ஒருவரை ஏன் பேசவைத்தாய், அவர் பேச்சை எங்கே கொண்டுபோய் நிறுத்தினாய் என்று தாராளமாகக் கேளுங்கள். அது கவிதையைப் பற்றிய கேள்வி.

உங்களிடம் நான் வேண்டுவது பெரிதாக ஒன்றுமில்லை. மலருக்கு வரும் கவிதையைக் கையில் எடுத்ததும் யார் பேசுகிறார், யாரிடம், எங்கே நின்று என்று எழுதிப் பாருங்கள். உள்தேர்வுக் கேள்வித்தாளில் ‘கவிஞர் கூறும் கருத்து யாது?’ என்பதற்குப் பதிலாக இதையே கேளுங்கள்.

சிவப்பு வட்டம் போட்ட அந்தத் தாள் என் பீரோவில்தான் இருக்கிறது. போன மாதம் அவளைப் பார்த்தபோது எடுத்துக் காட்டினேன். “பஸ்ல ஒரு அக்கா சொன்னதுங்க மேடம். அவங்களாட்டம் நின்னு பாத்தனுங்க” என்றாள். பேனா வாங்கி, கவிதைக்கு மேலே எழுதித் தந்தாள்: ‘மில்லை விட்டு வந்தவள், ஊருக்கு முதல் பஸ் எப்போது என்று கேட்டுவிட்டு, பெஞ்சில் பக்கத்தில் இருந்த பாட்டியிடம் சொல்லியது.’

இந்த வருட மலருக்கு அதை அனுப்பச் சம்மதித்திருக்கிறாள். அடுத்த வாரம் உங்கள் மேசைக்கு வரும்.