கடல் பொறியியல் கப்பல் வேலைக்கான படிப்பு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் சேர்க்கையையொட்டித் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் கடல் சார்ந்த பட்டப்படிப்புகளைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். நல்ல நோக்கத்துடன் எழுதப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் கடல் பொறியியல் (ஓஷன் இன்ஜினியரிங்), மரைன் இன்ஜினியரிங், நாட்டிக்கல் சயின்ஸ் ஆகிய மூன்றையும் ஒரே வகைப் படிப்பாகக் கருதி, மூன்றுக்கும் பொதுவாகக் கப்பல் அதிகாரியின் சம்பளத்தைச் சொல்லி முடித்திருப்பது, பிளஸ் டூ முடித்த பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் தவறான முடிவுக்குக் கொண்டு செல்லக்கூடியது. துறைமுகக் கட்டுமானத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சில விளக்கங்களைத் தர விரும்புகிறேன்.

மரைன் இன்ஜினியரிங் படிப்பவர் கப்பலின் இயந்திர அறைக்குப் போகிறவர். எஞ்சின், ஜெனரேட்டர், பம்பு, கொதிகலன் ஆகியவற்றை இயக்குவதும் பழுதுபார்ப்பதும் அவர் வேலை. அதற்குக் கண்பார்வை உள்ளிட்ட மருத்துவத் தகுதி வேண்டும். மத்திய அரசின் கப்பல் துறை ஒப்புதல் அளித்த கல்லூரியில் படித்திருக்க வேண்டும். பட்டம் பெற்ற பிறகும் தகுதிச் சான்றிதழுக்கான தேர்வுகளை எழுத வேண்டும். நாட்டிக்கல் சயின்ஸ் படிப்பவர் கப்பலைச் செலுத்தும் பிரிவுக்குப் போகிறார். கடல் பொறியியல் படித்தவரோ கப்பலில் வேலைக்குச் சேர்வதில்லை. கடலில் நிற்பவை, மிதப்பவை, மூழ்கிக் கிடப்பவை ஆகியவற்றுக்குக் கணக்குப் போடுபவர் அவர்; அலைத்தடுப்புச் சுவர், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவரான தூண்டில் வளைவு, கப்பல் அணையும் தளம், எண்ணெய்க் கிணற்று மேடை, மிதவை, கடலடிக் குழாய், கப்பலின் உடற்கூடு என்று அவருடைய வேலை விரியும். பெரும்பாலும் வடிவமைப்பு அலுவலகம், ஆய்வுக்கூடம், கட்டுமானத் தளம் ஆகிய இடங்களில்தான் அவருக்குப் பொழுது போகும். "பெண் பிள்ளையை மாதக்கணக்கில் கப்பலுக்கு அனுப்புவதா" என்று தயங்கி இந்தப் படிப்பையே ஒதுக்கிவிடும் குடும்பங்களை நான் அறிவேன். பெண்கள் இன்று கப்பலிலும் பணிபுரிகிறார்கள் என்பது ஒருபுறம் இருக்க, இந்தப் படிப்புக்கும் அந்தத் தயக்கத்துக்கும் தொடர்பே இல்லை.

இளநிலைப் பட்டமாகக் கடல் பொறியியலைப் பயிலும் இடங்கள் நம் நாட்டில் மிகச் சிலவே. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் 1952இல் கப்பல் வடிவமைப்புப் படிப்பாகத் தொடங்கியது, இன்று கடல் பொறியியலையும் சேர்த்து நடத்தப்படுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் வடிவமைப்பும் கடல் பொறியியலும் இணைந்த பி.டெக். உள்ளது. இந்த இரண்டுக்கும் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வின் வழியாகத்தான் போக முடியும். 2008இல் அமைக்கப்பட்டு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் தன் விசாகப்பட்டினம் வளாகத்தில் இதே போன்ற படிப்பை நடத்துகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டித் தனியார் நிறுவனங்களும் உண்டு. அவற்றில் சேருமுன் ஆய்வுக்கூடத்தை நேரில் பார்த்துவிட வேண்டும்.

ஆய்வுக்கூடத்தை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. கண்ணாடிச் சுவர் வைத்த நீண்ட தொட்டி ஒன்றில் நீர் நிரப்பி, ஒரு முனையில் பலகை ஒன்றை முன்னும் பின்னும் அசைத்து அலை எழுப்புவார்கள். மறுமுனையில் அலைத்தடுப்புச் சுவரின் சிறு மாதிரி இருக்கும். 36இல் ஒரு பங்காகச் சுருக்கிய மாதிரியென்றால், கடலில் 3.6 மீட்டர் உயரத்தில் வரும் அலை தொட்டியில் 10 செ.மீ. ஆகும். ஆனால் நேரம் அதே விகிதத்தில் சுருங்காது. 36இன் வர்க்கமூலமான 6 மடங்குதான் சுருங்கும். ஆகவே 12 விநாடிக்கு ஒருமுறை வரும் அலையைத் தொட்டியில் 2 விநாடிக்கு ஒன்றாக எழுப்ப வேண்டும். எடையோ 36இன் கனமான 46,656 மடங்கு குறையும். சுவரின் மேல் அடுக்கும், 10 டன் எடையுள்ள டெட்ராபாட் என்னும் நான்குகால் கான்கிரீட் கட்டை அங்கே ஏறத்தாழ 214 கிராம் எடையுள்ள பொம்மையாகிவிடும். கற்களுக்கு வரிசை வரிசையாக வெவ்வேறு நிறம் பூசி வைத்திருப்பார்கள். அலை ஓய்ந்த பிறகு எந்த நிறக் கல் எந்த வரிசைக்கு உருண்டு போயிற்று என்று எண்ணிப் பார்த்துத்தான் சுவர் தாங்குமா என்று முடிவு செய்வார்கள். இதைத் தன் கையால் செய்து பார்க்காமல் படத்தில் மட்டும் பார்த்துப் பட்டம் வாங்கும் மாணவருக்கு இந்தப் படிப்பினால் என்ன பயன் என்று எனக்கு விளங்கவில்லை.

இந்தக் கணக்குகள் தவறினால் என்ன நேரும் என்பதற்கு நம் கடற்கரையே சாட்சி. சோழமண்டலக் கரையில் ஓராண்டின் மொத்தக் கணக்கில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. அதன் குறுக்கே சுவர் எழுப்பினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். 1876இல் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் 1881 புயலில் உடைந்து மீண்டும் கட்டப்பட்டன. அவற்றால்தான் மெரினா இன்றுள்ள அகலத்தைப் பெற்றது. அவற்றால்தான் ராயபுரத்துக்கு வடக்கே கரையைக் கல் கொட்டிக் காக்க வேண்டியதாயிற்று. மெரினாவின் அழகைப் பாராட்டுகிறவர்கள் அதற்கு வடசென்னை கொடுத்த விலையை அறிவதில்லை. புதுச்சேரியிலும் 1980களின் பிற்பகுதியில் கட்டிய துறைமுகச் சுவர்கள் மணலை மறித்ததால் நகரக் கடற்கரை மறைந்து கருங்கல் குவியலே மிஞ்சியது. அரிப்பு மேலும் வடக்கே நகர்ந்து தமிழகத்தின் மீனவக் குப்பங்களைத் தாக்கியது. பிறகு சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் ஆப்பு வடிவில் எஃகு அமைப்பு ஒன்றை நீருக்கடியில் நிறுத்தி, மணலையும் கொட்டி, நகரின் முன்பாகக் கரையை ஓரளவு மீட்டது. தேங்காப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தின் முகத்துவாரத்தில் படகுகள் கவிழ்ந்து மீனவர்கள் உயிரிழந்த செய்திகளைத் தங்கள் நாளிதழின் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நுழைவாயில் எந்தத் திசையில் திறக்க வேண்டும், சுவரின் நுனி எதுவரை நீள வேண்டும், மணல் மேடிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பவையெல்லாம் இந்தப் படிப்பில் வரும் அன்றாடக் கேள்விகள்.

அழிவைத் தடுப்பது மட்டுமே இத்துறையின் வேலை என்று எண்ணவும் வேண்டாம். அதே தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் லட்சத்தீவின் கவரட்டியில் 2005இல் நிறுவிய நிலையம், மேற்பரப்பின் வெதுவெதுப்பான கடல்நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்திலிருந்து ஏற்றிய குளிர்ந்த நீரால் அதைக் குளிர்வித்து, நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் குடிநீர் தரும்படி அமைக்கப்பட்டது. ஆவியாக்கும் கலனைவிட, அலைக்கும் நீரோட்டத்துக்கும் ஈடுகொடுத்து அந்த ஆழத்துக்குக் குழாயை இறக்கி நிறுத்துவதுதான் அங்கே சவால்.

இவ்வளவு சொன்ன பிறகும், கடலை நேசிக்கும் பிள்ளைகள் எல்லாரும் இதில் சேரலாம் என்று நான் பரிந்துரைக்க மாட்டேன். கணிதத்திலும், நீர், காற்று போன்றவற்றின் ஓட்டத்தை ஆராயும் பாய்ம இயக்கவியலிலும் மனம் ஒன்றாதவருக்கு இரண்டாம் ஆண்டிலேயே இது பாரமாகிவிடும். பட்டத்தின் பெயர் குறுகிய துறையொன்றைச் சேர்ந்தது என்பதும் உண்மை. பல அரசு வேலை அறிவிக்கைகள் சிவில், மெக்கானிக்கல் என்று பட்டப்பெயரைக் குறிப்பிட்டுத்தான் விண்ணப்பம் கேட்கின்றன. முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வில் கப்பல் வடிவமைப்பு, மரைன் பொறியியலுக்கெனத் தனித்தாள் வந்ததே 2022இல்தான். கப்பல் கட்டும் தளங்கள், இந்தியக் கப்பல் பதிவேடு போன்ற தரச்சான்று அமைப்புகள், எண்ணெய் எரிவாயு நிறுவனங்கள், துறைமுக வடிவமைப்பு அலுவலகங்கள் ஆகியவை வேலை தருகின்றன. ஆனால் அவை கணினித் துறையைப் போல் கூட்டங்கூட்டமாக ஆள் எடுப்பதில்லை. ஆகவே கரைப் பாதுகாப்பிலும் துறைமுகக் கட்டுமானத்திலும் மட்டும் ஆர்வம் உள்ளவர், உள்ளூரில் நல்ல கல்லூரியில் சிவில் படித்துவிட்டு முதுநிலையில் கடல் பொறியியலுக்கு வருவது எந்த வகையிலும் குறைவான வழி அல்ல. மிதக்கும் கலங்களிலும் ஆழ்கடல் அமைப்புகளிலும் நாட்டம் உள்ளவருக்கே இளநிலையில் தொடங்குவது கூடுதல் பலன் தரும் என்பது என் கருத்து.

அரசும் ஒன்று செய்யலாம். கடற்கரை மாவட்டங்களில் தூண்டில் வளைவுகளையும் மீன்பிடித் துறைமுகங்களையும் திட்டமிடும் கடல்சார் வாரியமும் மீன்வளத் துறையும் நீர்வளத் துறையும் தங்கள் பொறியாளர் பணிகளுக்கான கல்வித் தகுதியில் கடல் பொறியியல் பட்டத்தையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். தமிழகத்துக்கு அப்பால் 500 மெகாவாட் அளவுக்குக் கடல் காற்றாலைகள் அமைக்க மத்திய அமைச்சரவை 2024இல் நிதியுதவித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்துள்ள நிலையில், அவற்றின் அடித்தளத்தைச் சரிபார்க்க அரசுத் தரப்பில் ஆள் இருக்க வேண்டாமா?

கல்விப் பக்கத்தில் மீண்டும் இதைப் பற்றி எழுதும்போது, கல்லூரியில் அலைத் தொட்டி உண்டா, மாணவர்கள் பயிற்சிக்கு எங்கே அனுப்பப்படுகிறார்கள், கடந்த ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்களில் எத்தனை பேர் இதே துறையில் இருக்கிறார்கள் என்ற விவரங்களையும் கேட்டு வெளியிட வேண்டுகிறேன். அதற்கு நாள் பிடிக்குமெனில், மாணவர்கள் விருப்பப் பாடங்களைப் பதிவு செய்யும் கடைசித் தேதிக்கு முன்பாக, மூன்று படிப்புகளும் வெவ்வேறு என்ற திருத்தத்தையாவது வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
துறைமுகப் பொறியாளர் (ஓய்வு),
தூத்துக்குடி.